பெயர் தெரியாத செடிகளும் நம் பிள்ளைகளும்

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியுள்ளார் என்பது தமிழிலக்கியம் பயின்றார் அனைவரும் அறிந்த செய்தி. தேர்வில் அது வினாவாக வருவதும் உண்டு. மாணவர்கள் பிழையின்றி விடை எழுதுகின்றனர். அப்பூக்களுள் ஒன்றாகிய ஆவிரை, நம் கல்லூரிக்கு வரும் சாலையின் ஓரத்திலேயே மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறதே, பார்த்ததுண்டா என்று கேட்டால் பெரும்பாலோர் விழிக்கின்றனர். தும்பையும் அப்பட்டியலில் உண்டு. மழை பெய்த பத்தாம் நாள் காலி மனைகளிலெல்லாம் முளைத்துவிடும் செடி அது. அதனையும் காட்டிக் கொடுத்தாலன்றி அறியார்.

மாணவரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. நாம் அவர்கள் கையில் கொடுக்கும் உரைகள் பல, செடியின் பெயர் வரும் இடத்தில் 'ஒருவகைக் கொடி', 'ஒருவகை மரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இக்குறையை உணர்ந்து உழைத்தவர்களும் நம்மிடையே உண்டு. பி.எல். சாமி சங்க இலக்கியச் செடிகொடிகளுக்கு விளக்கம் எழுதினார். கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' என்னும் பெருநூலைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்டது. நூலகத்தில் இந்நூல்களைக் கேட்டு வருவோரைவிட வினா-விடைக் கையேடுகளைக் கேட்டு வருவோர் மிகுதி என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் இக்குறையின் வேர் கல்லூரியில் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன் தெருவின் செடிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டால், இருபது வயதில் முல்லைத்திணை நடத்தும் ஆசிரியரால் அதனை ஈடுசெய்ய இயலாது. ஆகவேதான் நடுநிலைப் பள்ளிகளில் இன்று நடைபெறும் 'செயல்திட்டம்' பற்றித் தமிழாசிரியன் ஒருவன் இங்கே எழுத முற்படுகிறான். அறிவியல் ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991இல் நெறிப்படுத்தியது. 1993இல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கப் பெற்றது. பத்து முதல் பதினேழு வயதிற்குட்பட்டோர் சிறு குழுவாகக் கூடி, தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆய்ந்து, மாவட்டம், மாநிலம், நாடு எனப் படிப்படியாகச் சென்று அதனை முன்வைக்கும் ஏற்பாடு அது. 2001-02இல் தேசியப் பசுமைப்படை பள்ளிகளுக்கு வந்தது. 2012இல் நம் மாநிலத்தில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது வளரறி மதிப்பீட்டிற்கென 40 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன. ஆணைகளுக்கோ திட்டங்களுக்கோ குறைவில்லை.

நடைமுறையில் நிகழ்வது யாது? 'நாளைக்குப் புராஜெக்ட் கொடுக்க வேண்டும்' என்று பிள்ளை முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சொல்கிறது. தந்தை எழுதுபொருள் கடைக்கு ஓடுகிறார். புவி வெப்பமடைதல், ஓசோன் ஓட்டை, அமேசான் காடு என்று ஆயத்தமாக அச்சிட்ட படத்தாள்கள் அங்கே கிடைக்கின்றன. அவற்றை வெட்டித் தெர்மாகோல் அட்டையில் ஒட்டினால் வேலை முடிந்தது. சுற்றுச்சூழலைக் காக்கும் செயல்திட்டத்திற்குத் தெர்மாகோலைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ அறியேன். அமேசான் காடு அழிவதைப் பற்றி நம் பிள்ளைகள் அறிய வேண்டாம் என்பதன்று என் கருத்து. தன் பள்ளிக்கூட வாயிலில் நிற்பது புங்கமா பூவரசா என்று தெரியாத பிள்ளைக்கு அமேசான் காடு வெறும் படத்தாள்தான்.

நடுவராக நான் சென்றிருந்த பள்ளிக் கண்காட்சி ஒன்றைப் பற்றி ஈண்டுக் குறிப்பிடுவது பொருந்தும். ஏழாம் வகுப்பு மாணவியர் நால்வர் தம் ஊர்க் குளத்தை எடுத்துக்கொண்டிருந்தனர். குளத்தின் பெரும்பகுதியை மூடிக் கிடந்த மிதவைச் செடியே அவர்தம் பொருள். அதனைச் செய்தித்தாள்கள் ஆகாயத்தாமரை என்கின்றன. அம்மாணவியருள் ஒருத்தியின் உம்மம்மாவோ, அது ஆகாயத்தாமரை அன்று, வெங்காயத்தாமரை என்று திருத்தியிருக்கிறார். அம்மூதாட்டி சொன்னதே சரி. பழைய மருத்துவ நூல்கள் ஆகாயத்தாமரை என்பது, வெளிர்பச்சை இலைகள் ரோசாப்பூப் போல் அடுக்காய் மிதக்கும் வேறொரு செடியை. இப்போது குளங்களை அடைத்திருப்பது, இலைக்காம்பு வெங்காயம் போல் பருத்து, ஊதாப்பூப் பூக்கும் தென்னமெரிக்கச் செடி. காம்பின் வடிவத்தைக் கண்டு பெயரிட்டவர் யாரோ, நல்ல கண் படைத்தவர். அம்மாணவியர் இரு செடிகளையும் வரைந்து, இரு பெயர்களையும் தனித்தனியே எழுதியிருந்தனர். அகராதித் துறையினர் செய்ய வேண்டிய பணி அது.

அத்தோடு அவர்கள் நிற்கவில்லை. குளத்தின் ஒரு மூலையில் மட்டும் அச்செடி மிக அடர்ந்திருப்பதைக் கண்டு, ஏன் என்று தம்முள் வினவியிருக்கின்றனர். அந்த மூலையிலிருந்து ஒரு வாளி நீரும், எதிர்க்கரையிலிருந்து ஒரு வாளி நீரும், பள்ளிக் குழாயிலிருந்து ஒரு வாளி நீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவுள்ள ஒரு செடியை விட்டு, வாரந்தோறும் இலைகளை எண்ணி வந்துள்ளனர். மூலைநீரில் இட்ட செடி மளமளவெனக் கிளைத்துப் பெருகியது. குழாய்நீரில் இட்டது மஞ்சளித்தது. பின்னர் அம்மூலைக்கு வரும் வாய்க்காலைப் பின்தொடர்ந்து நடந்து சென்று, அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தெருப்படமாக வரைந்தனர். சந்தைக் கழிவும் அதனையடுத்த குடியிருப்பின் கழிவுநீரும் அவ்வழியே குளத்தில் கலந்தன. கழிவில் உள்ள சத்தை உண்டே அச்செடி கொழுக்கிறது என்பதும், செடியை மட்டும் அள்ளி எறிந்தால் மறுமழைக்கு மீண்டும் வரும் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. நூலைப் பார்த்து எழுதியதன்று, வாளியைப் பார்த்து எழுதியது.

பரிசளிக்க ஊர்ப் பெரியவர்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பு, அந்தத் தெருப்படத்தை மட்டும் எடுத்துவிடுமாறு அம்மாணவியரிடம் சொல்லப்பட்டது. 'வருகிறவர்கள் மனம் கோணும்' என்பது காரணம். வாளிகளும் செடிகளும் இருந்தன. வாய்க்கால் வந்த வழி மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் முதற்பரிசுக்கு அவர்களைப் பரிந்துரைத்தேன். பரிசு, சூரியக் குடும்பம் சுழலும் மின்பொம்மைக்குச் சென்றது.

சிறுவர் செயல்திட்டம் பற்றிப் பேசுவோர் பலரும் இவ்விடத்தைத் தொடாமலே கடந்துவிடுகின்றனர். பிள்ளைகளை 'ஆய்வு செய்' என்று சொல்லிவிட்டு, ஆய்வின் முடிவை நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருத்தல் தகாது. செடி நடுவோம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்னும் முடிவுகள் எவர் மனத்தையும் கோணச் செய்யா. உண்மையாகவே உற்று நோக்கிய பிள்ளை அவ்வாறான முடிவோடு மட்டும் திரும்பி வாராது. எந்த ஆலையின் பின்புறம் வேம்பு கருகுகிறது, எந்த மடையில் தவளை இல்லை, எவர் வீட்டுச் சுவர் ஓடைப் புறம்போக்கில் நிற்கிறது என்பதையெல்லாம் அது கண்டு வரும். அதனைக் கேட்க நாம் ஆயத்தமா என்பதே வினா. ஆயத்தமில்லை எனில் படத்தாளே போதும். பிள்ளைகளை வெயிலில் அலைக்கழிக்க வேண்டுவதில்லை.

இவ்வாறு கேட்க ஆயத்தமாயிருந்த முயற்சி ஒன்று இந்நாட்டில் முப்பது ஆண்டுகள் நடந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல், கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் ஆகிய அமைப்புகள் 16 நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1982இல் உருவான ஏகலவ்யா என்னும் அமைப்பு பின்னர் அதனை ஏற்று நடத்தியது. ஆறு முதல் எட்டு வரையுள்ள மாணவர்கள் வயலுக்கும் ஓடைக்கும் சென்று செடிகளைக் கொணர்வர். இலையின் நரம்பு வலைபோல் உள்ளதா, இணைகோடுகளாக உள்ளதா என்று பார்ப்பர். அதே செடியின் வேரையும் விதையையும் பார்ப்பர். அவற்றிடையே உள்ள தொடர்பைத் தாமே கண்டு எழுதுவர். பொருந்தாத செடி ஏதேனும் கிடைத்தால் அதனை மறைப்பதில்லை. அதனைப் பற்றியே வகுப்பில் பேசுவர். தேர்வறைக்குள் புத்தகத்தைக் கொண்டு செல்லவும் அவர்கட்கு இசைவு உண்டு. ஏனெனில் வினாக்கள் மனப்பாடத்தைச் சோதிப்பவை அல்ல. சுமார் ஆயிரம் பள்ளிகளுக்குப் பரவியிருந்த அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. உயர்நிலைப் பள்ளித் தேர்வுக்கு அது உதவவில்லை என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. கிராமத்துப் பிள்ளைகளால் இயலும் என்பதற்கு அது சான்றாக நிற்கிறது. ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கும் ஆய்வுக்கூடம் உள்ள பள்ளிகளுக்குமே இவையெல்லாம் ஏற்றவை என்று நம்மவர் சொல்லும்போது எனக்கு ஹோஷங்காபாத்தே நினைவுக்கு வருகிறது.

இலைநரம்பைப் பார்த்து இனம் பிரிக்கும் இம்முறை தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அதன்படி தெங்கும் பனையும் மூங்கிலும் புல்லினத்தைச் சாரும். ஒருவித்திலைத் தாவரங்களைத் தனியே பிரிக்கும் இன்றைய தாவரவியலோடு இது ஏறத்தாழ ஒத்துச் செல்கிறது. இதனை மேடையில் முழங்கி, 'அன்றே சொன்னான் தமிழன்' என்று கைதட்டு வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. ஏழாம் வகுப்பு மாணவனிடம் ஒரு பனந்துண்டையும் ஒரு வேப்பந்துண்டையும் கொடுத்து, எங்கே ஆணி எளிதில் இறங்குகிறது என்று பார்த்துவரச் சொன்னால், அந்நூற்பா அவனுக்கு உரையின்றியே விளங்கிவிடும். தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒரே மேசையில் அமர வேண்டிய இடம் இது.

தமிழ்ப் பெயர்கள் பலவும் இத்தகைய உற்றுநோக்கலின் எச்சங்களே. இலைக்குக் கீழே வரிசையாகக் காய் காய்ப்பதால் கீழாநெல்லி. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். ஆடையிலும் ஆட்டு மயிரிலும் விதை ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் நாயுருவி. மருதாணிக்கு ஐவணம், அழவணம், மருதோன்றி என எத்தனை பெயர்கள்! ஒரு பெயர் வழக்கொழியும்போது, அதனுள் பொதிந்திருந்த கவனிப்பும் உடன் மறைகிறது. கைப்பேசியில் செடியைப் படமெடுத்தால் இலத்தீன் பெயரைச் சொல்லும் செயலிகள் இன்று வந்துவிட்டன. அவை பயனுள்ளவையே. ஆனால் நம் ஊர்ப் பாட்டி அதனை என்னவென்று அழைத்தார் என்பதை அச்செயலிகள் அறியா. பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது அது.

பாட்டி சொன்னதெல்லாம் மெய் என்று கொள்வதும் ஆகாது. மூலிகை என்றாலே தீங்கற்றது என்னும் எண்ணம் நம் பிள்ளைகளிடையே பரவியிருக்கிறது. நம் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கு உயிர்க்கொல்லி நஞ்சு. அரளியும் ஊமத்தையும் குன்றிமணியும் அவ்வாறே. பக்தி இலக்கியத்தில் தில்லையைப் படித்த மாணவர் எத்துணையோ பேர். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் உப்பங்கழியோரம் வளரும் அத்தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும் என்பதை அறிந்தோர் எத்துணை பேர்? செடி தேடிச் செல்லும் பிள்ளைகளுக்கு முதற்பாடம், எதனையும் வாயில் வைக்காதே என்பதாக இருக்க வேண்டும்.

முத்துப்பேட்டை என்றதும் ஒன்று கூறத் தோன்றுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதியின் அலையாத்திக் காட்டையும் தென்னந்தோப்புகளையும் புரட்டிப் போட்டது. அலையாத்தி ஒன்றைக் கொண்டே ஓராண்டுச் செயல்திட்டம் நடத்தலாம். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டி நிற்கும் அதன் மூச்சுவேர்களை ஒரு மீட்டர் சதுரத்துக்குள் எண்ணலாம். உப்புநீரில் வாழும் அம்மரம் மிகை உப்பை இலைவழியே வெளியேற்றுவதைக் கைலென்சு கொண்டு பார்க்கலாம். வறண்டு உப்பேறிய சதுப்பில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்டு அக்காட்டை மீட்ட முறையை, அருகிலுள்ள பள்ளிப் பிள்ளைகள் நேரில் நின்று காணலாம். எத்தனை பள்ளிகள் அழைத்துச் செல்கின்றன? சுற்றுலா என்றால் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு இரண்டு பேருந்து புறப்படுகிறது.

சீமைக்கருவேல் பற்றியும் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கடந்த சில ஆண்டுகளில் மாணவர் செயல்திட்டங்களில் மிகுதியாக இடம்பெற்ற மரம் அதுவே. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் அதனை அகற்ற உத்தரவிட்டபோது ஊர்தோறும் பேச்சு எழுந்தது. தமிழ்நாடு அரசு 2022இல் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் குறித்த கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. அம்மரம் அயலிலிருந்து வந்தது, கண்மாய்களையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் படித்த மாணவர் கட்டுரைகள் பலவற்றில் ஒரே வாக்கியம் அச்சு மாறாமல் வந்தது: அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பது. கைப்பேசியில் சுற்றிய செய்தி அது. அதற்குச் சான்று காட்டிய கட்டுரை ஒன்றையும் நான் கண்டதில்லை. தீய மரமே ஆயினும் அதன்மேல் பொய்க்குற்றம் சாட்டப் பிள்ளைகளைப் பழக்கலாகாது.

மெய்யாகப் பார்ப்பதற்கு அம்மரத்தில் எவ்வளவோ உண்டு. நாட்டுக்கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. சீமைக்கருவேலின் பூ கதிர்போல் நீண்டது. முன்னதன் காய் மணி கோத்தாற்போல் இடையிடையே சுருங்கியிருக்கும். பின்னதன் காய் அவ்வாறன்று. இரண்டையும் பிரித்தறியாமல் நாட்டுக்கருவேலையும் சேர்த்து வெட்டியவர்கள் உண்டு. ஆடுமாடுகள் அதன் காயைத் தின்று விதையைப் பரப்புகின்றன என்பதைச் சாணத்தையும் புழுக்கையையும் ஒரு தொட்டியில் இட்டு நீரூற்றி, முளைப்பவற்றை எண்ணினாலே அறியலாம். அதன் நிழலில் எத்தனை வகைப் புல் முளைக்கிறது, வேம்பின் நிழலில் எத்தனை என்று இரு சதுரங்கள் வரைந்து ஒப்பிடலாம். இராமநாதபுரம் பக்கத்தில் அம்மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களுள் ஒருவரிடம் சென்று, மரம் முழுதும் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பிள்ளை கேட்டு எழுதிவருமானால், அந்த ஒரு பக்கம் பத்துப் படத்தாள்களுக்கு மேலாகும்.

இவற்றுக்கெல்லாம் நேரமும் பணமும் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடங்கள், நிரப்ப வேண்டிய பதிவேடுகள் என்று அவர்கள் படும் பாட்டை நான் அறியாதவன் அல்லன். ஆயினும் செலவு பெரிதன்று. கோடிட்ட குறிப்பேடு ஒன்று, கைலென்சு ஒன்று, செடியை உலர்த்தப் பழைய செய்தித்தாள், மேலே வைக்க இரண்டு செங்கல். பள்ளிச் சுற்றுச்சுவரே எல்லையாக இருக்கட்டும். அச்சுவருக்குள் கோடையில் எத்தனை செடி, ஐப்பசி மழைக்குப் பின் எத்தனை என்று எழுதினாலே ஓராண்டு ஓடிவிடும். எருக்கஞ்செடி ஒன்று இருந்தால் போதும்; வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிட்டுப் புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறப்பதை ஒரு வகுப்பு முழுதும் காணலாம்.

பிள்ளைகள் எழுதியது போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் வழியே, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும் என்னும் ஏற்பாடு உள்ளது. அப்பதிவேட்டுக்கு நம் ஊர்ப் பள்ளிகளின் பட்டியல்கள் செல்லலாம். ஐயம் எழும் செடிகளைத் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகம் போன்ற இடங்களில் உள்ள உலர்தாவரத் தொகுப்புகளோடு ஒப்பிடலாம். 1967இல் அத்தாவரகத்தைத் தோற்றுவித்த அருட்தந்தை மாத்யூ, தமிழகக் கர்நாடகச் சமவெளித் தாவரங்களைத் தொகுத்து வெளியிட்டவர்.

நம் தமிழ்த்துறை செய்யக்கூடியது ஒன்று உண்டு. முதுகலை மாணவர் இருவருக்கு ஒரு நடுநிலைப் பள்ளி என்று பிரித்துக்கொண்டு, மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே செல்லலாம். பிள்ளைகள் செடியைக் கொண்டுவருவர். நம் மாணவர் பெயரைத் தேடுவர். தேடும்போது இருவருக்கும் அது பாடமாகும். வரும் கல்வியாண்டில் பத்துப் பள்ளிகளில் தொடங்கினால், அடுத்த மலரில் வெளியிட ஒரு பட்டியல் நமக்குக் கிடைத்துவிடும். ஊர்ப்பெயர், நூற்பெயர், இடம், பூக்கும் மாதம் ஆகிய நான்கு கட்டங்கள் போதும். ஊர்ப்பெயர் கிடைக்காத செடிக்கு அக்கட்டத்தை வெற்றிடமாகவே விட்டுவிடலாம். 'ஒருவகைச் செடி' என்று மட்டும் எழுத வேண்டாம்.